'ஓம் சேர்' என்று தலையாட்டும் முன்: ஓஜேடி பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஏசி, வயரிங், சமையல் என்று என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) கோர்ஸ் முடித்து ஓஜேடிக்கு, அதாவது வேலைத்தளப் பயிற்சிக்கு, போகும் பிள்ளைகள் பலருக்குக் கை பழகியிருக்கிறது. மனம்தான் இன்னும் பழகவில்லை.

பெரிய தவறு, தெரியாததை மறைப்பது. நான் படிப்பித்த ஒரு பெடியன் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போனான். சீசனுக்கு முந்தின நெருக்கடி. "வெக்குவம் போட்டாச்சா?" என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். கேஸ் ஏற்றும் முன் ஏசிக் குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பதுதான் வெக்குவம். கேஜை (அழுத்தமானியை) வாசிப்பதில் சந்தேகம் இருந்தும் "ஓம் சேர்" என்று தலையாட்டிவிட்டான். குழாய்க்குள் காற்றும் ஈரமும் நின்றுவிட்டன, அறை குளிரவில்லை. கேஸை எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

"கேட்டா, கோர்ஸில என்னத்தப் படிச்சனீ எண்டு ஏசுவினம் எண்டு பயந்திட்டன் சேர்" என்றான்.

அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தபோது போதனாசிரியர்கள் நாங்கள் பேசாமல் இருந்தோம். அந்தப் பயம் அங்கேதான் பழகியது. "கேஜில முள் எங்க வந்து நிக்க வேணும் சேர்?" என்று அவன் கேட்டிருக்கலாம். அரை நிமிடக் கேள்வி.

சான்றிதழோடு தன்னம்பிக்கையும் கைக்கு வந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு மிகப் பலமான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம் என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். இது போதனாசிரியர்களுக்கும்தான்: பிள்ளை தடுமாறியதும் ஸ்பானரை வாங்கி நாமே முடித்துக் கொடுக்கிறோம். ஒரு வேலையையாவது தொடக்கம் முதல் கடைசி வரை தனியே முடித்த பிறகு அனுப்புவோம்.

ஒரு ஏச்சு விழுந்ததும் மறுநாள் வீட்டில் நின்றுவிடுகிறவர்களும் உண்டு. எந்த இடத்தில் பிழை நடந்தது என்று அன்றைக்கே கேட்டுக் கொப்பியில் குறித்தால் மறுநாள் போகக் கால் வரும். சிங்களம் பேசக் கூச்சமா? சாமான்களின் பெயர்களும் "இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்ற ஒரு வசனமும் தெரிந்தால் தொடங்கலாம்.

அப்புறம், சீசன். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் மே முதல் செப்டம்பர் வரை வேலை குவியும், மாரியில் குறையும். குறைந்த பிறகு யோசிக்காமல் ஓகஸ்ட்டிலேயே அடுத்த என்.வி.கியூ மட்டத்துக்கு விசாரியுங்கள், டவுனில் வீட்டு ஏசி சேர்விஸ் செய்பவர்களிடம் நம்பர் கொடுத்து வையுங்கள்.