டெண்டரைக் கவிழ்க்கும் தண்ணீர் பில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சின்னச் சின்னக் கட்டட வேலை எடுத்துச் செய்யும் நம் ஆட்கள், மாநகராட்சி டெண்டர் கைநழுவினால் "எவனோ விலையை அடித்துவிட்டான்" என்பார்கள். பல நேரம் விலையைப் பார்க்கும் கட்டம் வரை அவர்களுடைய டெண்டர் போயிருக்கவே போயிருக்காது.

முக்கியமான காரணம் தண்ணீர் பில். கம்பெனியோ அதன் இயக்குநர்களில் ஒருவரோ மாநகராட்சிக்குக் கட்ட வேண்டிய வரியோ தண்ணீர் போன்ற சேவைக் கட்டணமோ மூன்று மாதத்துக்கு மேல் பாக்கியென்றால், 2005ஆம் ஆண்டு நகராட்சிக் கொள்முதல் விதிகளின்படி டெண்டரை நிராகரிக்க வேண்டும். பேருக்கு இயக்குநராகப் போட்டு வைத்திருக்கும் மச்சானின் வீட்டு பில்லும் இதில் அடக்கம். அவரிடம் கேட்க வெட்கப்பட்டால் டெண்டர் போச்சு.

அந்த இயக்குநர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால் இன்னும் மோசம். அரசு ஊழியர் இயக்குநராக உள்ள கம்பெனிக்கு வேலை தரவே கூடாது. கம்பெனியில் இல்லாத, இயக்குநரின் மனைவி அரசு வேலையில் இருந்தால் தடையில்லை. ஆனால் டெண்டரோடு தரும் உறுதிமொழியான எம்.பி.டி. 4 படிவத்தில் அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

ஒப்பந்தக்காரர்களைத் தரம் பிரிக்கும் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியத்தின் (சி.ஐ.டி.பி.) பதிவில் 2ஆம் தரம் என்றால் 10 லட்சம் ராண்ட் வரையிலான வேலைதான், 3ஆம் தரத்துக்கு 30 லட்சம். தரம் இருந்தும் பதிவின் வேலை வகை மாறிவிடுவது உண்டு: கட்டடத்துக்கு ஜி.பி., சாலை வடிகாலுக்கு சி.இ.

சரி, விலைக்கு வருவோம். 5 கோடி ராண்ட் வரையிலான வேலையில் விலைக்கு 80 புள்ளி. குறைந்த விலை 10 லட்சம், உங்களுடையது 11 லட்சம் என்றால் உங்களுக்கு 72. மாநகராட்சி குறித்திருக்கும் இலக்குகளுக்கான மீதி 20 புள்ளிக்கு, அதைக் கோரும் எம்.பி.டி. 6.1 படிவத்தோடு ஆதாரம் இணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு விலையில் ஆயிரம் ஆயிரமாகக் குறைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

கட்டாய விளக்கக் கூட்டத்தில் கையெழுத்துப் போடாமல் திரும்புவது, டிப்பெக்ஸ் என்ற வெள்ளை மை பூசி விலையைத் திருத்துவது, டெண்டர் பெட்டி மூடியபின் ஓடி வருவது: இவையெல்லாம் தெரிந்தே செய்கிற தவறுகள்.

அப்புறம், "கவுன்சிலர் நமக்கு வேண்டியவர்" என்ற நம்பிக்கை. 2003 நகராட்சி நிதிச் சட்டத்தின் 117ஆம் பிரிவுப்படி கவுன்சிலர் டெண்டர் குழுவில் உறுப்பினராக இருக்க முடியாது, பார்வையாளராக உட்காரவும் முடியாது. முடிவில் குறை இருந்தால் 14 நாளுக்குள் மாநகராட்சிக்கே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்; கவுன்சிலர் வீட்டு வாசலில் நிற்பதில் அந்த நாட்கள் போய்விடும்.