சிஓ2 இல்லாமல் பச்சைக் கம்பளம் – என் அனுபவம்

என்னுடையது நீர்ச்செடி வளர்க்கும் 30 லிட்டர் கண்ணாடித் தொட்டி. செடிகளுக்குக் கரியமில வாயு (சிஓ2) தரும் சிலிண்டர் கிடையாது. தரையில் கம்பளமாகப் படரும் மான்டி கார்லோ செடியை நட்டால் மஞ்சளித்து, வேர் பிடிக்காமல் மிதந்து வந்துவிடும். அப்புறம் மார்சிலியா ஹிர்சுட்டாவுக்கு மாறினேன். நம் வயலோர ஆரைக்கீரைக்கு ஆஸ்திரேலியச் சொந்தம். கடையிலிருந்து நாலிலையாக வரும்; தண்ணீருக்குள் அவை கரைந்து, பெரும்பாலும் ஒற்றை இலையாகத் துளிர்க்கும். செத்துவிட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள்.

வேரில் ஒட்டியிருந்த பஞ்சை முழுக்க எடுத்து, இரண்டு மூன்று கணுக்களாக நறுக்கி, இடுக்கியால் மணலுக்குள் சாய்வாக நட்டேன். அடியில் வேர் உர மாத்திரை. விளக்கு 6 மணி நேரம்தான்; கூட்டினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

முதல் மாதம் ஒன்றுமே நடக்காது. பிறகு கண்ணாடியோரம் மணலுக்குள் ஓடுதண்டு தெரிந்தது. இப்போது முன்பக்கம் மூடிவிட்டது. கத்தரிக்கோலுக்கு வேலை அபூர்வம்.