சான்றிதழுக்கு ‘கவனிப்பு’ கேட்டால்

வண்ணாரப்பேட்டையோ வியாசர்பாடியோ, பட்டச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் ‘கொஞ்சம் கவனிங்க’ என்றால் வாய்ச்சண்டை வேண்டாம். வெள்ளைத்தாளில் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு எழுதுங்கள். பெறுநர்: அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர். பாரிமுனையில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி ஒட்டுங்கள். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் விளக்கம் தர வேண்டியதில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். ‘இந்தத் தேதியில் தந்த என் விண்ணப்பம் எந்த அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது? கோப்புக் குறிப்பு நகல், கட்டணச் சுற்றறிக்கை நகல் தருக’ என்று எழுதுங்கள். அலுவலரின் பெயர் பதிவாகும் என்றாலே பல கோப்புகள் நகரும். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதற்குக் கட்டணமில்லை.

வெளிப்படையாக லஞ்சமே கேட்டால் 1064, லஞ்ச ஒழிப்புத் துறை. வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டீர்களா? 7 நாளுக்குள் புகார் செய்யுங்கள். தவறினால் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தப்படி கொடுத்தவர் மீதும் வழக்குப் பாயும்.