உயரழுத்த ஹைட்ராலிக் ஹோஸுக்குப் பாதுகாப்புக் கட்டுப் போடும் முறை

அழுத்தத்தில் இருக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் ஃபிட்டிங்கிலிருந்து கழன்றால், அதன் நுனி எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு அங்குல உள்விட்டமுள்ள ஹோஸில் 200 பார் அழுத்தம் இருந்தால், அதை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ ஒரு டன் எடைக்குச் சமம். எனவே பாதுகாப்புக் கட்டை, அதாவது ஹோஸைப் பிடிக்கும் காலரும் (வளையப் பிடி) அதை இயந்திரத்தோடு பூட்டும் கம்பிவடமும் சேர்ந்த அமைப்பை, வாங்கும்போது ஹோஸின் வெளிவிட்டம், வேலை அழுத்தம் இரண்டையும் சொல்லி, அவற்றுக்கென்றே தயாரிக்கப்பட்டதை வாங்க வேண்டும். கம்ப்ரசரின் காற்று ஹோஸுக்கு மாட்டும் கம்பிவடத்தை, ரிக் (துளையிடும்) வண்டியில் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது என்பதற்காக, ஹைட்ராலிக் ஹோஸுக்கு மாட்டவே கூடாது.

முதலில் பூமை (இயந்திரத்தின் தூக்கும் கையை) இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து, அக்யூமுலேட்டர் (எண்ணெயை அழுத்தத்தில் சேமித்து வைக்கும் கலம்) இருந்தால் அதையும் காலிசெய்து, கேஜ் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகே ஹோஸைத் தொட வேண்டும். துடைத்துவிட்டு, ஃபெரூலின் (ஹோஸ் நுனியை ஃபிட்டிங்கோடு இறுக்கிப் பிடிக்கும் உலோக உறையின்) விளிம்பை உற்றுப் பாருங்கள். அங்கே ரப்பர் சிறிது நகர்ந்திருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ, உள்கம்பி தெரிந்தாலோ ஹோஸையே மாற்ற வேண்டும். கெட்ட ஹோஸைக் கட்டால் காப்பாற்ற முடியாது.

காலரை ஃபெரூலின்மேல் மாட்டக் கூடாது. ஹோஸ் ஃபெரூலுக்குள்ளிருந்துதான் உருவிக்கொண்டு வரும் என்பதால், காலர் ஹோஸையே பிடித்திருக்க வேண்டும். அதே சமயம் மேல்ரப்பரை நசுக்கவும் கூடாது. கம்பிவடத்தின் மறுமுனையை இயந்திரத்தின் உடலிலோ, போர்ட்டில் (இயந்திரத்தின் எண்ணெய் வாயில்) போல்ட் போட்ட ஃபிளாஞ்சிலோ (இணைப்புத் தட்டிலோ) பூட்ட வேண்டும். அடாப்டரில் (இடையில் மரையால் திருகும் இணைப்பில்) பூட்டினால், மரை விட்டுப்போகும்போது அதுவும் சேர்ந்து பறக்கும்.

இந்த வேலையில் பெரும்பாலும் கோட்டைவிடுவது தொய்வில்தான் என்பது என் கருத்து. வடம் தொங்கினால் ஹோஸ் அந்தத் தூரத்துக்கு வேகமெடுத்துவிட்டுத்தான் நிற்கும். அந்த வெட்டிழுப்பில் வடமே அறுந்துபோகலாம். விறைப்பாகவும் கட்டக் கூடாது, ஏனெனில் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் தன் நீளத்தில் 4 சதவீதம் வரை சுருங்கலாம், 2 சதவீதம் வரை நீளலாம். ஆகவே ஆட்களை விலக்கி, சிலிண்டரை மெதுவாக முழு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்து, வடம் எந்த நிலையிலும் இழுபடாத அளவுக்கு மட்டும் தொய்வு விடுங்கள். இரு முனைகளுக்கும் தனித்தனிக் கட்டு வேண்டும்.

இக்கட்டு ஹோஸ் வீசுவதை மட்டுமே தடுக்கும்; பீறிடும் எண்ணெயைத் தடுக்காது. ஆள் நிற்கும் இடத்தில் அதற்கெனத் தனி உறை போட வேண்டும். ஊசித்துளைக் கசிவைக் கையால் தடவாமல் அட்டையைக் காட்டித் தேடுங்கள். எண்ணெய் தோலுக்குள் பாய்ந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒருமுறை விசையைத் தாங்கிய கட்டை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும், அந்த ஹோஸோடு சேர்த்துக் கழித்துவிட வேண்டும்.