பின் சப்ஃபிரேம் புஷ் மாற்றுதல்: பி.எம்.டபிள்யூ. இ46 காருக்கான செய்முறை

1998 முதல் 2006 வரை விற்பனையான பி.எம்.டபிள்யூ. 3 வரிசையின் இ46 காரில் டிஃபரன்ஷியல் (என்ஜின் விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பெட்டி), பின் சஸ்பென்ஷன் கைகள், ஆன்டி ரோல் பார் (திருப்பங்களில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஆகியவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமே பின் சப்ஃபிரேம். இது காரின் உடலோடு நான்கு ரப்பர் புஷ்கள் (அதிர்வை உள்வாங்கும் உருளை வடிவ இணைப்புகள்) வழியாக இணைகிறது. ரப்பர் கிழிந்தோ இறுகியோ போனால், விசை ஏறும்போது சட்டம் முழுவதும் சற்று நகர்ந்து பின் சக்கரங்களின் திசைக்கோணமும் அதனுடன் மாறும். ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் காரின் பின்பகுதி தாமதமாகத் தொடர்வதற்கும், ஆக்சிலரேட்டரை அழுத்தி விடும்போது பின்னிருக்கைக்கு அடியில் 'டொக்' என்று கேட்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

எந்தப் புஷ் வாங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அன்றாடம் ஓட்டும் காருக்குத் தொழிற்சாலை வகை ரப்பர் புஷ்ஷே போதும் என்பது என் கருத்து; தேய்ந்ததை எடுத்துவிட்டுப் புதியதை இட்டாலே கார் பழைய பிடிமானத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடும். பாலியூரித்தேன் புஷ் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் டிஃபரன்ஷியலின் ஓசையை உள்ளே கடத்தும். சாலைக்கென்றால் ஷோர் ஏ அளவில் 80-ஐ ஒட்டிய கடினத்தைத் தேர்ந்தெடுங்கள். 95 பந்தயத் தளத்துக்கு ஏற்றது. அலுமினியப் புஷ் அதிர்ச்சி முழுவதையும் நேரே தரைத் தகட்டுக்குக் கொடுத்துவிடும் என்பதால், இந்தக் காரில் வலுவூட்டல் செய்யாமல் அதைப் பற்றி எண்ணவே வேண்டாம்.

வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய நாளே கீழுள்ள போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள். பூட்டில் (பின்புறச் சாமான் அறையில்) உள்ள பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றி, காரைத் தூக்கி, பக்கவாட்டு ஜாக்கிப் புள்ளிகளில் ஆக்சில் ஸ்டாண்டுகளை வைத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்காதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றியபின் கியர் இந்தக் காரைப் பிடித்து நிறுத்தாது. ஆகவே முன் சக்கரங்களின் இரு புறமும் கட்டை வைப்பது அவசியம்.

அடுத்துச் சைலன்சர் குழாயையும் வெப்பத் தடுப்புத் தகட்டையும் எடுத்துவிடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டும் டிஃபரன்ஷியலும் சேரும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டபின் பிரித்து, ஷாஃப்ட் தொங்காதபடி கம்பியால் மேலே கட்டி வையுங்கள். ஏ.பி.எஸ். சென்சார், பிரேக் பேட் சென்சார் ஆகியவற்றின் வயர்களை விடுவித்து, பிரேக் குழாய்களைப் பிரித்து முனைகளை மூடி, ஹேண்ட்பிரேக் கேபிள்களின் நட்டுகளை உள்ளே லீவருக்கு அருகில் கழற்றுங்கள். பின் சஸ்பென்ஷன் கையை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை எடுத்து, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் சுருள் வில் தளர்ந்து வரும்.

பின் சக்கரத்தை அதற்கு முன்னால் உடலோடு இணைக்கும் கையான டிரெய்லிங் ஆர்மின் முன் பிராக்கெட் உடலோடு சேரும் இடத்தில் அதன் விளிம்பை ஒட்டிக் கோடு கீறிய பின்னரே அதன் போல்ட்டுகளைத் தொடுங்கள். அந்தத் துளைகள் நீள்வடிவமானவை; பிராக்கெட் நிற்கும் இடமே பின் சக்கரத்தின் டோ அளவை, அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் கோணத்தைத் தீர்மானிக்கிறது.

இப்போது டிஃபரன்ஷியலுக்கு அடியில் அகலமான பலகையோடு டிராலி ஜாக்கியை வைத்து, துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு, நான்கு போல்ட்டுகளையும் கழற்றிச் சட்டத்தை இறக்குங்கள். வாஷர்களும் தகடுகளும் வந்த வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இறங்கியதும் புஷ்ஷை மறந்துவிட்டுக் காரின் தரைத் தகட்டைப் பாருங்கள். இ46-இன் பெயர்பெற்ற பலவீனம் இங்குதான் இருக்கிறது: சப்ஃபிரேம் தாங்கும் இடங்களைச் சுற்றியுள்ள தகடு ஸ்பாட் வெல்டிங் ஓரங்களில் விரிசல் விடும். அடிப்பூச்சைச் சுரண்டி, நன்கு துடைத்து, வலுவான வெளிச்சத்தில் நான்கு இடங்களையும் தேடுங்கள். பூட்டின் கம்பளத்தை விலக்கி மேலிருந்தும் பாருங்கள். விரிசல் தெரிந்தால் புஷ் வேலையை அங்கேயே நிறுத்தி, அனுபவமுள்ள வெல்டரிடம் விரிசலைச் சரிசெய்து வலுவூட்டல் தகடுகளைப் பற்றவைத்த பிறகே தொடர வேண்டும். விரிசலுள்ள உடலில் இறுக்கமான புஷ்ஷை இட்டால் கிழிசல் விரைவுபடும்.

பழைய புஷ்ஷை எடுப்பதற்கு முன் அதன் ரப்பர் இடைவெளிகள் எந்தத் திசையை நோக்கியிருக்கின்றன என்பதைச் சட்டத்தில் கீறி வையுங்கள். முன் புஷ்ஷும் பின் புஷ்ஷும் ஒன்றல்ல. உறுதியான திரெட் ராடும் சரியான அளவுக் கிண்ணங்களும் கொண்ட இழுவைக் கருவியால் அவற்றை வெளியே இழுக்கலாம். பிடிவாதமாக நின்றால் ரப்பரைச் சுற்றித் துளையிட்டு நடுப்பகுதியை எடுத்துவிட்டு, வெளி வளையத்தை மட்டும் ஹேக்ஸா பிளேடால் அறுத்து உள்நோக்கி மடக்குங்கள். பிளேடு சட்டத்தின் உலோகத்தில் படக்கூடாது. சிலர் ரப்பரைத் தீயிட்டு எரிப்பார்கள், அதன் புகை நச்சுத்தன்மை உடையது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

துளையை எமரித் தாளால் மென்மையாக்கித் துடைத்து, ரப்பர் புஷ் என்றால் சோப்புத் தண்ணீர் தடவி, கீறிய குறிக்கு நேராக வைத்து, சாயாமல் இழுத்து அமர்த்துங்கள். பாலியூரித்தேனுக்கு அதனுடன் வரும் கிரீஸையே பயன்படுத்துங்கள். சாதாரணக் கனிம எண்ணெய்க் கிரீஸ் ரப்பரை ஊதச் செய்யும் என்பதால் ரப்பர் புஷ்ஷில் அது படக்கூடாது.

சட்டத்தை ஏற்றும்போது நான்கு போல்ட்டுகளையும் கையால் சில சுற்று திருகிய பிறகே ஸ்பானரை எடுத்து, இறுதியாக உங்கள் மாடலுக்கான பணிமனைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். சப்ஃபிரேம் போல்ட்டுகள் செங்குத்தானவை என்பதால் கார் உயரத்தில் இருக்கும்போதே இறுக்கலாம்; ஆனால் சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், கார் தன் எடையில் நிற்கும் நிலையில்தான் அவற்றை இறுக்க வேண்டும், இல்லையெனில் அவற்றின் ரப்பர் நிரந்தரமாக முறுகி நின்று விரைவில் கிழியும். பிறகு டாட் 4 திரவத்தால் பிரேக்கில் உள்ள காற்றை வெளியேற்றி, ஹேண்ட்பிரேக்கையும் சரிசெய்யுங்கள்.

நான்கு சக்கர அலைன்மென்ட்டைத் தவறவிடாதீர்கள். பின்புறத்தில் கேம்பரும் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) டோவும் இரண்டுமே சரிசெய்யக்கூடியவை. சில நாட்கள் ஓட்டியபின் நான்கு போல்ட்டுகளையும் மீண்டும் டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். பாலியூரித்தேன் இட்டவர்களுக்கு வேகமெடுக்கையில் மெல்லிய ரீங்காரம் கேட்டால், அது முன்பே இருந்த டிஃபரன்ஷியலின் ஓசையாக இருக்கலாம்; சட்டத்தை மீண்டும் இறக்குவதற்கு முன் அதன் எண்ணெய் அளவைச் சோதித்துப் பாருங்கள்.