தடுப்பூசி உறைஞ்சு போகாம பாத்துக்கிறது எப்படி: ஐஎல்ஆர் ஃப்ரிட்ஜ்ல இருந்து முகாம் வரைக்கும்

பிஹெச்சில (ஆரம்ப சுகாதார நிலையத்துல) புதுசா சேர்ந்து தடுப்பூசி பொறுப்ப கையில வாங்குற ஃபார்மசிஸ்ட், ஸ்டாஃப் நர்ஸ், விஹெச்என் (கிராம சுகாதார செவிலியர்) எல்லாருக்கும் சேத்து இத எழுதுறேன். டிரெய்னிங்ல எல்லாமே சொல்லித் தர்றாங்கதான், ஆனா ஒரே மூச்சுல அவ்வளவையும் கேட்டுட்டு வர்றதால கடைசில மனசுல நிக்கிறது "தடுப்பூசிக்கு சூடு ஆகாது" அப்படிங்கிற ஒண்ணு மட்டும்தான். அதனால நம்மாளுங்க நல்ல எண்ணத்துலயே ஐஸ் மேல ஐஸா வச்சு அடுக்குறாங்க, வெயில் ஊருல இருக்கோம்ல, எவ்வளவு ஜில்லுன்னு இருக்கோ அவ்வளவு நல்லதுன்னு தோணத்தான் செய்யும். ஆனா பெண்டா (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி), டிடி (டெட்டனஸ், டிப்தீரியா ஊசி), டிபிடி (அதோட கக்குவானும் சேர்ந்தது), ஹெபடைடிஸ் பி, பிசிவி (நிமோனியா ஊசி), ஐபிவி (போலியோ ஊசி) இதெல்லாம் உறைஞ்சா செத்துடும். 2007ல வெளிவந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல பல நாடுகள்ல எடுத்த அளவுகள சேத்துப் பாத்தப்போ 14 முதல் 35 சதவீதம் ஃப்ரிட்ஜ்லயும் போக்குவரத்துலயும் தடுப்பூசி உறைநிலைக்குப் போயிருந்துச்சு. வெயில் நாடு, குளிர் நாடுன்னு வித்தியாசம் பாக்காம எல்லா இடத்துலயும் நடக்குற விஷயம் இது.

ஏன் சாகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் யாரும் சொல்லாமலே ஜாக்கிரதையா இருப்பீங்க. பெண்டா, டிடி, ஹெப் பி மாதிரி ஊசிகள்ல அலுமினிய உப்பு இருக்கு, மருந்துச் சத்து அதுல ஒட்டிக்கிட்டு பொடிப்பொடியா மிதக்கும், அதனாலதான் அந்த மருந்து லேசா பால் மாதிரி கலங்கலா தெரியுது. உறையும்போது அந்த ஒட்டு விட்டுப் போயி அலுமினியம் கட்டி கட்டியா சேர்ந்துடுது. திரும்ப உருக்கினாலும் பழைய நிலைக்கு வராது, திரிஞ்ச பால காய்ச்சி சரி பண்ண முடியாதுல்ல, அது மாதிரி. அந்த ஊசிய போட்டா குழந்தைக்கு வலியும் ஊசி போட்ட இடத்துல வீக்கமும் வரலாம், பாதுகாப்பு மட்டும் சரியா கிடைக்காது. கார்டுல டிக் விழுந்துடும், அம்மாவும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. இத நெனச்சாலே எனக்கு மனசு கனத்துப் போகும், அதான் இவ்வளவு அழுத்தி எழுதுறேன். ஹெப் பி ஊசி மைனஸ் அரை டிகிரிலயே உறைய ஆரம்பிச்சுடும், அவ்வளவு சின்ன இடைவெளி.

இப்ப ஐஎல்ஆருக்கு, அதாவது சுவருக்குள்ள ஐஸ் இருக்குற தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கு வருவோம். மத்திய அரசோட தடுப்பூசிக் கிடங்கு சென்னை, மும்பை, கொல்கத்தா, கர்னால்னு 4 இடத்துல இருக்கு, அங்க இருந்து மாநில ஸ்டோர், மண்டல ஸ்டோர், மாவட்ட ஸ்டோர்னு வரிசையா இறங்கி நம்ம பிஹெச்சிக்கு வருது. மேல இருக்குற ஸ்டோர்கள்ல ஓபிவிய (போலியோ சொட்டு மருந்த) மைனஸ் 20 பக்கம் வாக் இன் ஃப்ரீசர்லயும் டீப் ஃப்ரீசர்லயும் வைப்பாங்க, ஆனா பிஹெச்சிக்கு வந்துட்டா ஓபிவி உள்பட எல்லாமே ஐஎல்ஆர்லதான், பிளஸ் 2 முதல் பிளஸ் 8 டிகிரிக்குள்ள. நம்மகிட்ட இருக்குற டீப் ஃப்ரீசர் ஐஸ்பேக் உறைய வைக்க மட்டும். இடம் இல்ல, ஒரு ராத்திரிக்குத்தானேன்னு எந்த ஊசியையும் அதுல வைக்காதீங்க.

ஐஎல்ஆர்ல மேல்பக்கமா மூடி இருக்குறதுக்குக் காரணம் இருக்கு, குளிர்ந்த காத்து கனமானது, மூடிய திறந்தாலும் கீழேயே தங்கிடும். அப்போ அடிப்பகுதிதான் ரொம்ப குளிர்னு அர்த்தம். அதனால அடியில உறைஞ்சாலும் தாங்குற ஊசிகள் போகணும், ஓபிவி, எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா ஊசி), பிசிஜி (காசநோய் ஊசி) எல்லாம். உறையக் கூடாத ஊசிகள், அதாவது பெண்டா, டிடி, டிபிடி, ஹெப் பி, ஐபிவி, பிசிவி எல்லாம் மேல, கூடைக்குள்ள. கூடை உடைஞ்சு போச்சு, தொலைஞ்சு போச்சுன்னா சும்மா விட்டுடாதீங்க, காலி ஐஸ்பேக்க தண்ணி ஊத்தாம ரெண்டு வரிசை அடியில பரப்பி அதுக்கு மேல அடுக்குங்க, கூடை கேட்டு எழுதியும் போடுங்க. பக்கச் சுவர்ல எதுவும் உரசக் கூடாது, பெட்டிகளுக்கு நடுவுல காத்து போக இடம் வேணும். டைல்யூயன்டும் (பொடியா வர்ற ஊசிய கலக்குற திரவம்) மேலதான், அது உறைஞ்சா ஆம்ப்யூல் வெடிச்சுடும். டைல்யூயன்ட்ட முகாமுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியாவது ஐஎல்ஆருக்குள்ள வச்சிருக்கணும், ஏன்னா கலக்குற நேரத்துல ஊசியும் டைல்யூயன்டும் ஒரே குளிர்ல இருக்கணும். எக்ஸ்பைரி எது சீக்கிரம் வருதோ அது முதல்ல வெளிய போகணும், எது முதல்ல வந்துச்சுங்கிறது அப்புறம்.

ஐஎல்ஆர சுவத்துல ஒட்டி வைக்காதீங்க, எல்லா பக்கமும் 10 சென்டிமீட்டராவது இடைவெளி, கீழ மரஸ்டாண்டு, தனி ஸ்டெபிலைசர், தனி பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல செருகி அதுலயே ஃபேனும் செல்போன் சார்ஜரும் போட்டு வச்சா ஒருநாள் யாராவது தெரியாம பிடுங்கிடுவாங்க. தண்ணி பாட்டில், மதிய சாப்பாடு, இன்சுலின், பாம்புக்கடி மருந்து எதுவும் உள்ள வரக் கூடாது, அது எவ்வளவு அவசரமான மருந்தா இருந்தாலும் அதுக்கு வேற ஃப்ரிட்ஜ். உள்சுவர்ல ஐஸ் 5 மில்லிமீட்டருக்கு மேல கட்டுச்சுன்னா டீஃப்ராஸ்ட் பண்ணிடுங்க.

டெம்பரேச்சர் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ எழுதணும், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு, ஞாயித்துக்கிழமையும் பொங்கலும் சேத்து. ஐஎல்ஆருக்கு லீவு கிடையாது. தெர்மாமீட்டர் ஊசிகளுக்கு நடுவுல கூடைக்குள்ள இருக்கணும், சுவர் ஓரமா தொங்க விட்டா வேற கதைதான் சொல்லும். இ-வின் லாகர் (டெம்பரேச்சர தானா பதிவு பண்ற கருவி) இருக்கு, அது போனுக்கு மெசேஜ் அனுப்பும்னு கையால எழுதுறத நிறுத்தாதீங்க, மூடிய திறந்து பாக்குற கண்ணுக்குத் தெரியிறது லாகருக்குத் தெரியாது. பயந்து பாக்க வேண்டிய எண் எதுன்னா 8ஐ தாண்டுறதவிட 2க்குக் கீழ போறதுதான். 9 டிகிரி கொஞ்ச நேரம் இருந்தா டிடியும் ஹெப் பியும் தாங்கிக்கும், மைனஸ் 1 தாங்காது. அதே காரணத்துக்காக தெர்மோஸ்டாட்ட அடிக்கடி திருகாதீங்க. குறிப்பா கரண்ட் போயிட்டு வந்ததும் 9, 10 காட்டுதேன்னு பதறி குளிர கூட்டி வச்சுட்டுப் போயிடுவாங்க, கரண்ட் நிலையா வந்ததும் அது இறங்கி இறங்கி ராத்திரி ஆளில்லாத நேரத்துல உறைஞ்சுடும். கொஞ்ச நேரம் விட்டா அதுவே 8க்குக் கீழ வந்துடும். அப்படி மாத்தியே ஆகணும்னா விடியக்காலம் இருக்குறதுலயே குளிரான நேரத்து ரீடிங்க வச்சு முடிவு பண்ணுங்க.

அடுத்தது ஐஸ்பேக், என்னைக் கேட்டா மொத்த சங்கிலிலயும் அதிக ஊசி சாகுற இடம் இதுதான். ஐஸ்பேக்ல தண்ணிய அது மேல போட்டிருக்குற கோடு வரைக்கும் மட்டும் ஊத்துங்க, முழுசா ரொப்பினா உறையும்போது உப்பி விரிசல் விடும். உப்பு போட்டா நல்லா ஜில்லுன்னு நிக்கும்னு ஒரு பழக்கம் சில இடத்துல இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம், உப்புத் தண்ணி ஜீரோவுக்குக் கீழதான் உறையும், உருகும்போதும் ஜீரோவுக்குக் கீழயே நிக்கும், நமக்கு ஆகாததே அதுதான். டீப் ஃப்ரீசர்ல இருந்து எடுக்குற ஐஸ்பேக் மைனஸ் 15, மைனஸ் 20ல இருக்கும். அத அப்படியே கேரியர்ல (முகாமுக்கு ஊசி எடுத்துட்டுப் போற பெட்டில) வச்சு நடுவுல பெண்டாவ வச்சு மூடினா, நாமளே நம்ம கையால உறைய வச்சதா ஆகும்.

அதுக்குத்தான் கண்டிஷனிங், அதாவது ஐஸ்பேக்க கொஞ்சம் உருக விட்டு எடுத்துக்கிறது. முகாம் நாளான புதன்கிழமை காலைல வந்ததும் முதல் வேலையா தேவையான ஐஸ்பேக்க எடுத்து மேஜை மேல ஒண்ணு மேல ஒண்ணு படாம பரப்புங்க. மேல வெள்ளையா படிஞ்ச உறைபனி போயி தண்ணி முத்து முத்தா வேர்க்கும். அது மட்டும் போதாது, ஒவ்வொண்ணையும் காதுகிட்ட வச்சு குலுக்குங்க, உள்ள கொஞ்சம் தண்ணி உருகி ஐஸ் கட்டி அதுல அசையிற சத்தம் கேக்கணும். அந்தச் சத்தம் கேட்டுச்சுன்னா உள்ள ஜீரோ டிகிரிக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் ஐஸ் முழுசா உருகி முடியிற வரைக்கும் அது ஜீரோவுலயேதான் நிக்கும், கீழ போகாது. எத்தன நிமிஷம்னு கேக்காதீங்க, ஊட்டில டிசம்பர் மாசம் ஆகுற நேரமும் வேலூர்ல மே மாசம் ஆகுற நேரமும் ஒண்ணா இருக்க வாய்ப்பே இல்ல, கடிகாரத்த விட்டுட்டு காத நம்புங்க. விஹெச்என் வெளிய வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கிறாங்க, முகாம் லேட்டாகுதுன்னு எல்லாரும் அவசரப்படுத்துவாங்க. கொஞ்ச நேரம் காக்க வைக்கிறதுல தப்பே இல்ல. அவங்க வர்ற நேரத்துக்கு முன்னாடியே ஐஸ்பேக்க வெளிய எடுத்து வச்சுட்டா அந்தப் பிரச்சனையும் இல்ல.

வேக்சின் கேரியர்ல 4 ஐஸ்பேக், நாலு சுவத்துக்கும் ஒண்ணு. ஐஸ்பேக் மேல ஈரம் இருக்கும், துடைச்சுட்டு வைங்க. ஊசி குப்பிகள ஜிப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு நடுவுல வைங்க, அப்பதான் லேபிள் நனைஞ்சு உரியாது. லேபிள் போச்சுன்னா பேட்ச் நம்பரும் தேதியும் விவிஎம்மும் (சூடு பட்டத கலர் மாறிக் காட்டுற குறி) சேந்து போச்சு, அந்தக் குப்பிய பயன்படுத்த முடியாது. ஒரு கேரியர்ல 16 முதல் 20 குப்பி வரைக்கும் வைக்கலாம், திணிக்காதீங்க. மேல ஃபோம் பேட வச்சு மூடிய இறுக்கமா பூட்டுங்க. அடிக்கடி திறக்காம இருந்தா சுமார் 12 மணி நேரம் குளிர் நிக்கும், பைக்ல போகும்போது வெயில் படாத பக்கமா, காலுக்கு நடுவுல வச்சுக்கோங்க.

முகாம் நடக்குற இடத்துல கேரியர் நிழல்ல இருக்கணும். குழந்தை வந்து உக்காந்த பிறகு குப்பிய வெளிய எடுங்க, முன்னாடியே எடுத்து மேஜைல வரிசையா அடுக்கி வைக்க வேண்டாம். ஐஸ்பேக்ல ரெண்டு குழி இருக்கும், கலக்கின பிசிஜி, எம்ஆர் குப்பிய அதுல வைக்கலாம், பெண்டாவையும் டிடியையும் அந்தக் குழியில வைக்காதீங்க, அது நேரா ஐஸோட ஒட்டி நிக்கும். பிசிஜி, எம்ஆர் கலக்கின நேரத்த குப்பி மேல பேனாவால எழுதுங்க, 4 மணி நேரத்துக்கு மேல ஆனா கொட்டியே ஆகணும், அதுல கிருமி வளர்றத தடுக்குற மருந்து எதுவும் இல்ல, அந்த ஊசியால குழந்தை உயிருக்கே ஆபத்து வரலாம். இன்னும் 2 டோஸ் மிச்சம் இருக்கேன்னு வருத்தம் வேண்டாம்.

விவிஎம் பத்தி ஒரு பெரிய தப்பான நம்பிக்கை இருக்கு. வட்டத்துக்குள்ள இருக்குற சதுரம் வட்டத்தவிட வெளுப்பா இருந்தா போடலாம், ரெண்டும் ஒரே கலர் ஆயிட்டாலோ சதுரம் இன்னும் அடர்ந்துட்டாலோ போடக் கூடாது. சதுரம் புதுக் குப்பிலயே சுத்த வெள்ளையா இருக்காது, லேசா ஊதா இருக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். 1996ல ஓபிவில தான் இது முதல்ல வந்துச்சு, ரொம்ப நல்ல கண்டுபிடிப்பு, ஆனா அது காட்டுறது சூடு பட்ட கணக்க மட்டும்தான். உறைஞ்சு உருகின பெண்டா குப்பில விவிஎம் பளிச்சுன்னு நல்லா இருக்கும். விவிஎம் நல்லா இருக்கு, ஊசியும் நல்லா இருக்குன்னு முடிவு கட்டிடாதீங்க.

உறைஞ்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தா ஷேக் டெஸ்ட். கட்டியா உறைஞ்ச குப்பி கண்ணுக்கே தெரிஞ்சா டெஸ்ட் எதுவும் வேண்டாம், நேரா ஒதுக்கிடுங்க. தெர்மாமீட்டர் ஜீரோவுக்குக் கீழ காட்டுச்சு ஆனா குப்பி பாக்க சாதாரணமா இருக்குன்னா, அதே ஊசி, அதே கம்பெனி, அதே பேட்ச்ல ஒரு குப்பிய எடுத்து "உறைய வச்சது"ன்னு பெருசா எழுதி ராத்திரி முழுக்க டீப் ஃப்ரீசர்ல வைங்க. மறுநாள் அத சாதாரண அறைச் சூட்டுல உருக விடுங்க, சுடுதண்ணில போடக் கூடாது. இப்ப இதையும் சந்தேகக் குப்பியையும் ஒரே கையில பிடிச்சு 10, 15 செகண்ட் நல்லா குலுக்கி, ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துல ஆடாத மேஜைல வச்சு அரை மணி நேரம் வெளிச்சத்துல கவனிங்க. உறைய வச்ச குப்பில வண்டல் சீக்கிரமா கீழ இறங்கி மேல தண்ணி தெளிஞ்சுடும். சந்தேகக் குப்பில அதவிட மெதுவா இறங்கினா பயன்படுத்தலாம், அதே வேகத்துலயோ இன்னும் வேகமாவோ இறங்கினா அந்த மொத்த குப்பிகளும் போச்சு, மேல தகவல் சொல்லிடுங்க. டெஸ்டுக்கு உறைய வச்ச குப்பிய உடனே அழிச்சுடுங்க, தவறிப் போய் கூடைக்குள்ள கலந்துடக் கூடாது. ஐபிவில அலுமினியம் இல்லாததால இந்த டெஸ்ட் அதுக்கு உதவாது, உறைஞ்ச சந்தேகம் வந்தாலே ஒதுக்கிடணும்.

சாயங்காலம் கேரியர் திரும்பி வந்ததும் திறக்காத குப்பியோட விவிஎம்ம பாத்துட்டு உடனே ஐஎல்ஆருக்கு மாத்துங்க, அடுத்த முகாமுக்கு இதுதான் முதல்ல போகணும்னு தனியா வைங்க. திறந்த பெண்டா, டிடி, ஹெப் பி, ஐபிவி, பிசிவி, ஓபிவி குப்பிகள திறந்த தேதி எழுதியிருந்து, விவிஎம் நல்லா இருந்து, எக்ஸ்பைரி தாண்டாம, தண்ணில முங்காம, உறையாம இருந்தா 28 நாள் வரைக்கும் வச்சுப் போடலாம், தேதி எழுதாத திறந்த குப்பிய வச்சுக்காதீங்க.

கரண்ட் போயிட்டா முதல் வேலை மூடிய திறக்காம இருக்குறது. ஐஎல்ஆர் சுவருக்குள்ள ஐஸ் இருக்கு, 24 மணி நேரத்துல 8 மணி நேரம் கரண்ட் கிடைச்சாலே அது குளிர தக்க வச்சுக்கும். புயல், மழைன்னு நாள் கணக்குல கரண்ட் வராதுன்னு தெரிஞ்சா, டெம்பரேச்சர் 8ஐ நெருங்குறப்போ கோல்டு பாக்ஸுக்கு (ஐஸ்பேக் வச்ச பெரிய குளிர்ப் பெட்டிக்கு) மாத்துங்க, அந்தப் பதட்டத்துலயும் ஐஸ்பேக்க கண்டிஷன் பண்ணாம வைக்காதீங்க. பக்கத்துல எந்த பிஹெச்சில இடம் இருக்கு, வண்டிக்கு யாருக்குப் போன் பண்ணணும், ஜெனரேட்டருக்கு டீசல் எங்க இருக்குங்கிறத ஒரு பேப்பர்ல எழுதி ஐஎல்ஆருக்கு மேல சுவத்துல ஒட்டி வைங்க, நைட் டியூட்டில இருக்குறவங்களுக்கும் வாட்ச்மேனுக்கும் அத ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க.