தூத்துக்குடி பீச் ரோட்டை ஒரே சாயங்காலத்துல நடந்து பாக்குறது எப்படி?

நெல்லைல இருந்து அம்பது கிலோமீட்டர்தான், 1986 வரைக்கும் ரெண்டும் ஒரே ஜில்லா, ஆனா நம்ம ஆளுக தூத்துக்குடி போனா கல்யாணத்துக்குப் போவாக, இல்ல மக்ரூன் வாங்கிட்டு அடுத்த பஸ்ல திரும்பிருவாக. பழைய துறைமுகத்துப் பக்கம் எட்டிப் பாத்தவுக கம்மி. மொத தடவ போறவுகளுக்காக, நான் போற மாதிரியே சொல்லுதேன்.

1. கெளம்புற நேரம்

மத்தியானம் ரெண்டு மணி வாக்குல நெல்லை புது பஸ் ஸ்டாண்டுல ஏறுங்க, ஒரு மணி நேரம் சொச்சம் ஆகும். நான் மொத தடவ சித்திரை வெயில்ல பதினோரு மணிக்குப் போய் எறங்கி, உப்புக்காத்துல சட்டை முதுகோட ஒட்டி, பாதிலயே ஆட்டோ புடிச்சிட்டேன். அந்த வேலை வேண்டாம்.

2. ஒரு விசயம் தெரிஞ்சுக்கோங்க

இந்தக் கரைல கடல் ஆழம் கம்மி. அந்தக் காலத்துல பெரிய கப்பல் எல்லாம் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிக்கும், பஞ்சு மூட்டைல இருந்து ஆளு வரைக்கும் சின்னப் படகுலதான் போய் ஏறணும். இது தெரிஞ்சா தோணிக்கு ஏன் இங்க இம்புட்டு மவுசுன்னு புரிஞ்சிரும். 1914ல பாம்பன் பாலம் வந்து போக்குவரத்து தனுஷ்கோடி பக்கம் போற வரைக்கும், மெட்ராஸ்ல ரயில் ஏறுனவுக கொழும்புக்குக் கப்பல் புடிச்சது இங்கனதான்.

3. மாதா கோயில்

பனிமய மாதா கோயில்ல ஆரம்பிங்க. 1713ல கட்டுனது, 1982ல ‘பசிலிக்கா’ங்கிற பெரிய கோயில் அந்தஸ்து கெடச்சுது. பூசை நடக்கும்போது போன தூக்கிப் போட்டோ எடுக்காதீங்க. ஆகஸ்ட் 5 திருவிழா, அன்னிக்குக் கூட்டத்தப் பாக்கணும்னா போங்க, கோயிலப் பாக்கணும்னா வேற நாள் போங்க.

4. இங்கிலீஷ் சர்ச்

பேருதான் இங்கிலீஷ், 1750ல கட்டுனது டச்சுக்காரங்க. போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து 1658ல ஊரப் புடிச்சவுக அவுக. அவுக யாவாரக் கம்பெனியான டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியோட சுருக்கப் பேரும், நம்ம வ.உ.சி. பேர இங்கிலீஷ்ல எழுதுற மாதிரியே, வி.ஓ.சி.தான்! நம்ம வ.உ.சி. 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சு, காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வாங்கி வெள்ளக்காரனுக்குப் போட்டியா கொழும்புக்கு விட்டதும் இதே ஊர்ல இருந்துதான். நான் இதக் கவனிக்கவே ரெண்டு மூணு தடவ வந்து போக வேண்டியிருந்துச்சு.

5. தோணி, இதுதான் முக்கியம்

பழைய துறைமுகத்துக்குள்ள நெனச்ச மாதிரி போக முடியாது, கேட்டுல நிக்கிறவர்ட்ட கேக்காம உள்ள காலும் வைக்காதீங்க, கேமராவும் தூக்காதீங்க. விடலன்னாலும் பரவால்ல, தெரியுற எடத்துல நின்னு அவசரப்படாம ஒரு அரை மணி நேரம் பாருங்க. மாலத்தீவுக்கு வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லின்னு ஏத்திக்கிட்டுப் போற மரத்தோணி, முன்னாடி பாய் கட்டி ஓடுனது, இப்ப எஞ்சின். ரிப்பேருக்கு நிக்கிற தோணி கண்ணுல பட்டா விடாதீங்க. ரெண்டு பலகைக்கு நடுவுல இருக்குற இடுக்குல பஞ்சுத் திரிய வச்சு, உளிய நிறுத்தி, டக்கு டக்குன்னு அடிச்சு எறக்குவாக, தண்ணி உள்ள வராம இருக்க. அதுக்குப் பேரு கலப்பத்து. அந்தச் சத்தம் காதுல விழுந்துச்சுன்னா வந்த பஸ் காசு செரிச்சிரும்.

6. இருட்டுன பொறவு

ரோச் பார்க்ல கொஞ்சம் காத்து வாங்கிட்டு சாப்பிடப் போங்க. இந்த ஊர்ல யாராச்சும் ‘நைட் கிளப்’புக்குக் கூப்டா பயந்துராதீங்க, புரோட்டாக் கடைக்குத்தான் அந்தப் பேரு.

மக்ரூன கடைசில வாங்குங்க, மொதல்லயே வாங்கிட்டு கடக்கரைல தூக்கிக்கிட்டுத் திரியாதீங்க. முட்ட வெள்ளக்கரு, சீனி, முந்திரிதான், காத்து பட்டா நமுத்து மிட்டாய் மாதிரி பல்லுல ஒட்டும், நான் ஒரு தடவ அப்படியே கொண்டாந்து வீட்ல திட்டு வாங்கிருக்கேன். ‘அண்ணாச்சி, நெல்லை வரைக்கும் போவணும், நல்லா இறுக்கிக் கட்டுங்க’ன்னு சொல்லி வாங்குங்க.